சீர் செஞ்சாச்சு, கையெழுத்துப் போடு

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். "அதான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பார்கள். இந்த ஒரு பேச்சு எத்தனை சட்டங்களைத் தோற்கடித்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே புங்கமரத்து நிழலில் முதலில் பேனாவிலும், பிறகு தட்டச்சிலும், கடைசியில் கணினியிலும் இந்த ஊர்களின் காடு, தோட்டம், கிணறு, வீடு எல்லாவற்றையும் எழுதிக் கைமாற்றிவிட்டிருக்கிறேன். பெண்ணுரிமை வரலாறு என்றால் மற்றவர்களுக்கு மாநாடும் ஊர்வலமும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு முத்திரைத்தாள்தான் வரும்.

பேரப்பிள்ளைகள் படித்துவிட்டார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். "இப்ப எல்லாம் சமம்தானே தாத்தா?" என்று கேட்கிறார்கள். சட்டத்தில் சமம்தான். வீட்டில் சமமா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல ஒரு கட்டுரை வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

மகனுக்குப் பிறப்பால், மகளுக்குத் தயவால்

பழைய இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துமுறை புரிந்துகொள்ள எளிது. பாட்டன் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. மகளுக்குப் பிறப்பால் ஒன்றுமில்லை. கல்யாணச் செலவும் சீரும் வீட்டாரின் தயவைப் பொறுத்தவை. புருஷன் இறந்துபோனால் மனைவிக்குச் சோறு, துணி, ஒதுங்க ஓர் இடம். அதை ஜீவனாம்சம் என்பார்கள். பெரிய பண்ணையக்காரர் வீட்டிலும் வெள்ளைச் சேலை கட்டிய ஆயா ஒருத்தி மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தனி உலை வைத்துப் பொங்கித் தின்றதை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தக் காட்டில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் ஆடு மாடு மேய்த்ததும் அவள்தான். சிட்டாவில் மட்டும் அவள் பேர் இருக்காது.

சொத்து இல்லாதவளுக்கு நாட்டு விவகாரத்திலும் பேச்சில்லை. பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று 1921-ல் சென்னை மாகாணச் சட்டசபை முடிவு செய்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது நாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் சொத்து வைத்திருப்பவருக்கும் வரி கட்டுகிறவருக்கும்தான் ஓட்டு. வரி ரசீது அப்பன் பேரிலோ புருஷன் பேரிலோ இருந்தால் அவளுக்கு ஓட்டு எங்கிருந்து வரும்?

இந்த முடிச்சை அவிழ்க்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் எங்கள் மண்ணுக்கு மருமகளாக வந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். அவர் மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அங்கே பள்ளிக்கூடம் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். சாதி கடந்த கல்யாணம். 1930-ல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இந்தியப் பெண்கள் இரண்டே பேர். பேகம் ஷா நவாஸ் ஒருவர், ராதாபாய் மற்றவர். 1932-ல் லோதியன் பிரபு தலைமையில் வந்த வாக்குரிமைக் குழுவிலும் அவர் உறுப்பினர். ஓட்டுரிமை உள்ளவரின் மனைவிக்கும், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் வழி பிறந்தது. 1938-ல் மத்திய மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் ராதாபாய்தான். சொத்தும் படிப்பும் பாராமல் கூலிக்காரிக்கும் ஓட்டு என்பது குடியரசான பிறகு, 1952-ல் முடிந்த முதல் பொதுத்தேர்தலில்தான் நடந்தது.

சுப்பராயன் முதலமைச்சராக இருந்த நாளில்தான், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய சுயமரியாதை மாகாண மாநாடு ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே 1929-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடிக் கொண்டுவந்த திருத்தத்தால், கோயில் ஊழியத்துக்கென்று தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலம் ஊழியம் செய்யாமலே அவர்கள் கையில் நின்றது. நிலம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை அந்தப் பெண்கள் கோயிலை விட்டு வெளியேற முடியாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நிலத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் விடுதலையைப் பேச வேண்டும். இதை நான் பெரிய பாடமாக நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகரசபைத் தலைவராகி, 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் ராஜாஜி. நூல் நூற்றுக் கொடுத்த பெண்களின் கையில் சொந்தமாகச் சில்லறை புழங்க ஆரம்பித்தது அங்கேதான். அவர் முதலமைச்சராக வந்ததும் 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில். கள்ளுக்கடைக்குப் போன கூலி வீட்டுக்கு வந்தால் உலை கொதிக்கும் என்பது எங்கள் ஊர் ஆயாக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுவிலக்கு பின்னால் என்ன ஆனது என்பது வேறு கதை.

ஆறு ஏக்கர் கணக்கு

சட்டத்தை வருடம் வருடமாகச் சொன்னால் சலிப்புத் தட்டும். ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். பாட்டன் வழியில் வந்த நிலம் 6 ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோகிறார்.

1937-க்கு முன்னால் என்றால் 6 ஏக்கரும் மகனுக்கு. அந்த வருடம் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குப் புருஷனின் பங்கைத் தந்தது. அதுவும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும், விற்க முடியாது. விளைநிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1941-ல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியானவர் வீட்டில் விளைநிலத்தைத் தவிர வேறு என்ன சொத்து இருந்தது? மகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண்ணுக்கும் பங்கு வந்துவிட்டது என்று மேடையில் பேசினார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்பாவும் மகனும் பங்குதாரர்கள் என்பதால் முதலில் ஆளுக்கு 3 ஏக்கர் என்று பிரிக்க வேண்டும். பிறகு அப்பாவின் 3 ஏக்கரை மட்டும் அம்மா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு 1 ஏக்கர் பிரிக்க வேண்டும். முடிவில் மகனுக்கு 4 ஏக்கர், மகளுக்கு 1, அம்மாவுக்கு 1. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க அப்போது வழியில்லை. மகன்கள் பிரித்துக்கொள்ள நினைத்தால்தான் அவளுக்கும் கிடைக்கும். அந்தச் சட்டத்தில் முழுசாக நல்லது ஒன்று உண்டு. பெண்ணுக்கு அதுவரை ஆயுள்கால அனுபவமாக மட்டும் இருந்த சொத்து முழு உரிமையானது. அவள் விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

1989-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குதாரராக்கியது. மார்ச் 25-ம் தேதியிலிருந்து செல்லும். செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக 60 வருடம் கழித்து. இப்போது அதே 6 ஏக்கர் அப்பா, மகன், மகள் என்று மூன்றாகப் பிரியும், ஆளுக்கு 2. அப்பாவின் 2 ஏக்கர் மறுபடி மூவருக்கும். மகனுக்கு 2 ஏக்கர் 66 சென்ட், மகளுக்கும் 2 ஏக்கர் 66 சென்ட், அம்மாவுக்கு 66 சென்ட். ஒரு ஏக்கர் இரண்டரை ஏக்கருக்கு மேல் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அது இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு இல்லை, கல்யாணமாகாத தங்கைக்கு உண்டு. அக்கா தங்கைகள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2005 செப்டம்பர் 9-ல் நாடு முழுமைக்கும் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தக் கல்யாணக் கணக்கை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டை பதினைந்து வருடம் ஓடியது. வேண்டியதில்லை, மகளின் உரிமை அவள் பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2022 ஜனவரியில் அருணாசலக் கவுண்டர் வழக்கு என்று ஒரு தீர்ப்பு. அது நம் தமிழ்நாட்டு வழக்கு. 1949-ல் உயிலில்லாமல் இறந்துபோன ஒருவரின் சுயார்ஜித சொத்து, 1956-ம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே, அவருடைய ஒரே மகளுக்குத்தான் போயிருக்க வேண்டும், சகோதரர் வழிக்குப் போகாது என்று சொன்னார்கள். அந்த மகள் 1967-லேயே காலமாகிவிட்டார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவள்

இத்தனை சட்டமும் ஒரு தாளில் முடிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பேர். அப்பா இறந்து, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கிய பிறகு, அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் பாகப் பிரிவினை எழுத வருவார்கள். அதற்கு முன்னால் அக்கா தங்கைகளிடம் ஒரு விடுதலை எழுதி வாங்கிவிட்டால் வேலை சுளுவு.

அன்றைக்கு அந்த அம்மிணி கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருப்பாள். தம்பி பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியில் கூட்டி வந்திருப்பான். ஓட்டலில் டிபன் வாங்கிக் கொடுத்திருப்பான். மடியில் ஜவுளிக்கடைப் பை. அதில் அன்றைக்கு எடுத்துக்கொடுத்த சேலை. எழுதியதைப் படித்துக் காட்டுவது என் கடமை. "எனக்குச் சேர வேண்டிய பாகத்தை நான் மனப்பூர்வமாக விட்டு விடுதலை செய்து, இனி எனக்கும் என் பின் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் கிடையாது" என்று படிக்கும்போது பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். "படிக்க வேணாமுங்க, எங்கே போடறதுன்னு காட்டுங்க" என்பார்கள்.

ஒருமுறை ஒருத்தியிடம் தனியாகக் கேட்டேன். தம்பி டீ வாங்கப் போயிருந்தான். "அம்மிணி, இந்தக் காட்டோட விலை என்னன்னு தெரியுமா?" சிரித்தாள். "ஏனுங்க தெரியாது? பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்குதுங்க. விலை தெரிஞ்சுதான் போடறேன். நாளைக்கு எம் புருஷனுக்கு ஒண்ணுன்னா, நான் எந்த வாசப்படிக்கு வந்து நிக்கறதுங்க? பொறந்தவன் வேணுமில்லீங்களா?"

விவரம் தெரியாமல் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பதிலைக் கேட்க வேண்டும். அவள் விவரமானவள். கணக்குப் போட்டுத்தான் போடுகிறாள். 2 ஏக்கர் 66 சென்டைக் கொடுத்துப் பிறந்த வீட்டு வாசற்படியை வாங்குகிறாள். அந்த வாசற்படி அவளுக்கு உரிமையாகவே இருக்க வேண்டியது; அதை விலை கொடுத்து வாங்க வைத்திருக்கிறோம் என்பதுதான் கேவலம்.

கல்யாணத்தில் இணைச்சீர் செய்யக் கூடப் பிறந்தவள் வேண்டும். பிள்ளைக்குப் பேர் வைக்க அத்தை வேண்டும். அப்பாவுக்கு எழவு விழுந்தால் ஒப்பாரி வைக்க மகள் வேண்டும். சர்வே நம்பர் எழுதும்போது மட்டும் அவள் அடுத்த வீட்டுப் பெண்.

சீர் ஏன் பங்கு ஆகாது

அண்ணன் தம்பிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நானும் அண்ணன்தான். "அப்பனுக்கு வைத்தியம் பாத்தது நாங்க. போர் போட்டு, தண்ணி வராம, மறுபடி போர் போட்டு, சொசைட்டிக் கடனைக் கட்டினது நாங்க. கல்யாணத்துக்குப் பவுன் போட்டோம், பிரசவம் பாத்தோம், தீபாவளிக்கும் ஆடிக்கும் சீர் செஞ்சோம். இப்பப் பங்கும் வேணுமா?" இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்ட கடனையும், நிலத்தில் போட்ட முதலையும் பாகப் பிரிவினையில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதை எழுதிக் கழிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. யாரும் எழுத வருவதில்லை. கணக்கு எழுதினால் பங்கும் எழுத வேண்டி வருமே!

சீரும் பங்கும் ஒன்றல்ல. போட்ட பவுன் மாமியார் வீட்டுப் பெட்டிக்குள் போகும். ஒரு போர் குழிக்கும், ஒரு லாரிக்கும், புருஷனின் தறிக்கூடத்துக்கும் அடகாகப் போகும். நிலம் அப்படியே கிடந்து விலை ஏறும். சீர் மாப்பிள்ளை வீட்டு மரியாதைக்குக் கொடுப்பது. பெண்ணின் பேரில் எழுதிக் கொடுத்த சீர் எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. குற்றமான ஒன்றைக் கொடுத்ததாகக் காட்டி, உரிமையான ஒன்றை மறுக்கிறோம்.

இந்தச் சீர்க் கணக்குதான் எங்கள் மாவட்டத்தின் தீராத பழியையும் கொண்டுவந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் 6 வயது வரை உள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். கள்ளிப்பாலும் நெல்மணியும் என்ன செய்தன என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். தப்பிப் பிழைத்தவளுக்குப் போதும்பொண்ணு என்று பேர் வைப்பார்கள். அந்தப் பேரை நான் பத்திரத்திலும் எழுதியிருக்கிறேன். விடுதலை கொடுப்பவர் என்ற இடத்தில்.

1992-ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் முதலில் தொடங்கியது. கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்று ஓர் அரசாங்கம் கேட்க வேண்டி வந்தது எங்களிடம்தான். கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. ஆனாலும் 2001 கணக்கெடுப்பில் சேலம் 851. அதற்குள் பிரிந்திருந்த நாமக்கல்லும் 900-ஐத் தொடவில்லை. 2011-ல் இரண்டு மாவட்டமும் 910-ஐத் தாண்டின. பள்ளிக்கூடம், சைக்கிள், படித்தால் கல்யாண உதவி என்ற நிபந்தனை, மகளிர் சுயஉதவிக் குழு எல்லாம் சேர்ந்து தூக்கிவிட்ட எண் அது. பிறந்த வீட்டுக்குப் பாரம் என்று நினைத்தவள் வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கித் தவறாமல் கட்டியதை ஊரே பார்த்தது.

2001-ல் எண்ணிய அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. 1000 பையன்களுக்கு 851 பெண்கள் என்றால் மீதிப் பேர் எங்கே போவார்கள்? தோட்டமும் கிணறும் தறியும் உள்ள வீட்டுப் பையனுக்கு முப்பது வயதாகியும் ஜாதகம் பையிலேயே கிடக்கிறது. தரகர் பிடித்துப் பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போகிறார்கள். மகளுக்குச் சீர் செய்ய முடியாது என்று பயந்த ஊரில் இன்று மருமகளுக்கு நகையும் போட்டு, கல்யாணச் செலவையும் ஏற்று அழைத்து வருகிறார்கள். இதை விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமே எழுதிய பத்திரம் இது.

பங்கு வந்த பிறகு வரும் பயம்

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மகளுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்று தெரிந்த பிறகு, அவள் யாரைக் கட்டுகிறாள் என்பதில் ஊருக்கு வெறி கூடியிருக்கிறது. "காடு சாதி விட்டுப் போயிடும்" என்ற பேச்சை நான் அலுவலகத்து வாசலிலேயே கேட்டிருக்கிறேன். 2015 ஜூனில், உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்த பொறியியல் படித்த தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022-ல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மறுவருடம் உயர் நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. அந்த மலையில் இருக்கும் சாமி அர்த்தநாரீஸ்வரர். பாதி உடம்பு பெண். கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்கிறோம்.

உள்ளாட்சியிலும் உரிமை முதலில் பேரளவில்தான் வந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தது, 2019-ல் பாதி. நாற்காலியில் தலைவரும், பக்கத்து நாற்காலியில் "தலைவர் வீட்டுக்காரரும்" உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இப்போது பல ஊர்களில் அந்த இரண்டாவது நாற்காலி போய்விட்டது. தண்ணீர்க் குழாயும் ரேஷன் கடையும் அவளிடம் நேராகக் கேட்டால் நடக்கிறது என்று ஊர் தெரிந்துகொண்டது. உரிமையைப் புழங்கப் புழங்கத்தான் அது உறுதியாகும். புழங்காத உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

அப்படிப் புழங்கிய குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ராசிபுரம் பக்கத்துக் குடியானவர் ஒருவர் நடமாட்டமாக இருக்கும்போதே வந்தார். இரண்டு மகன், ஒரு மகள். நிலத்தை மூன்றாக அளந்து, கிணற்றில் மூவருக்கும் முறைத்தண்ணீர் எழுதி, வண்டிப்பாதை எழுதி, தனக்கும் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமை வைத்து செட்டில்மெண்ட் எழுதினார். மகன்கள் முகம் சுண்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். "நான் செத்த பொறவு நீங்க அவகிட்ட எழுதி வாங்குவீங்க. அந்தக் கேவலம் உங்களுக்கும் வேணாம், அவளுக்கும் வேணாம்" என்றார். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்த மகள் தன் பங்கைத் தம்பிக்கே வாரத்துக்கு விட்டாள். தம்பி வருடா வருடம் அறுவடைப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறான். பிறந்த வீட்டு உறவும் அறுந்து போகவில்லை.

எழுதிப் பழகிய கைக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அம்மிணிகளே, அப்பா இறந்த உடனே யார் கொண்டுவந்த தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் ஒன்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். வாரிசுச் சான்றில் உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றை இன்றைக்குச் செல்போனிலேயே போட்டுப் பார்க்கலாம். பங்கை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அது உங்கள் சொத்து, உங்கள் விருப்பம். அதன் மதிப்புத் தெரிந்து கொடுங்கள், பயந்து கொடுக்காதீர்கள். பதிவான பத்திரத்தை உடைப்பது லேசல்ல. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்ணாக இருந்தால் வருமானம் பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

அண்ணன் தம்பிகளே, அக்காவின் பங்கு உங்களுக்கு வேண்டுமென்றால் விலை பேசி, பணம் கொடுத்து, கிரயம் எழுதுங்கள். ஒரு சேலைக்கும் ஒரு டிபனுக்கும் காட்டை வாங்கியவன் என்ற பேர் உங்கள் மகளின் காதில் விழ வேண்டாம்.

அப்பன்மார்களே, பொறுப்பு கடைசியில் நம்முடையது. சொத்து விஷயத்தில் சட்டம் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டது. நாம் எழுதாமல் விட்டுப் போனால், நம் மகள் ஒருநாள் முத்திரைத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்து பிறந்த வீட்டு வாசற்படிக்கு விலை கொடுப்பாள். உயிரோடு இருக்கும்போதே சமமாக எழுதி வையுங்கள்.